தெரியாமல் விற்ற மோட்டார் சைக்கிள்

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் மாஸ்டரின் கடை இருந்தது. படங்களுக்குப் பிரேம் போடும் கடை. பட்டமளிப்புப் படங்கள், சாமிப் படங்கள், வெளிநாட்டிலிருந்து வந்து சேரும் கலியாணப் படங்கள் எல்லாம் அங்கேதான் கண்ணாடிக்குள் போயின. முன்பு கணக்கு டியூஷன் கொடுத்தவர் என்பதால் எல்லோரும் அவரை மாஸ்டர் என்றே அழைத்தார்கள். கடையின் பின்சுவரோடு ஒரு கண்ணாடி அலுமாரி நின்றது. குடும்பத்தோடு வெளிநாடு போகிறவர்கள் விட்டுவிட்டுப் போன பழைய தகர விளையாட்டுச் சாமான்களை அவர் அதற்குள் அடுக்கி வைத்து விற்றார்.

நான் ஹெவ்லொக் டவுனில் ஒரு மருந்துக்கடையில் மருந்து கொடுக்கிற வேலையில் இருந்தேன். வேலை முடிந்து வீட்டுக்கு வருகிற வழியில் மாஸ்டரின் கடைக்குள் எட்டிப் பார்க்காமல் போவது அபூர்வம். எண்பத்து மூன்று இனக்கலவரத்தில் எங்கள் வீட்டில் எரிந்துபோனவற்றில் பெரிய சாமான்களை அம்மாவும் அப்பாவும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்ப வாங்கிவிட்டார்கள். சின்னச் சாமான்களை யாரும் திரும்ப வாங்கவில்லை. நாற்பது வயதுக்குக் கிட்ட வந்து, கையில் சம்பளம் இருக்கும்போது, அந்த வேலையை நான் எடுத்துக்கொண்டேன் என்று சொல்லலாம்.

மாஸ்டர் விற்கிற விதம் எனக்குப் பிடிக்கும். குறையைத்தான் முதலில் சொல்லுவார். “இந்தச் சில்லு மாத்தினது பிள்ளை. இந்தக் கோழி தலையை ஆட்டும், ஆனா நடக்காது.” கேட்காததையும் சொல்லுவார். அதனால் ஒரு சாமானில் அவர் குறை சொல்லாவிட்டால் அதில் குறை இல்லை என்றே நான் எடுத்துக்கொண்டேன். நான் மட்டுமல்ல, அங்கே வாங்குகிற எல்லோருமே அப்படித்தான்.

அந்த மோட்டார் சைக்கிளில் அவர் எந்தக் குறையும் சொல்லவில்லை. சிவப்பு நிறம். மேலே தொப்பி போட்ட ஓட்டுநர், முன்னால் குனிந்தபடி. சாவியை முறுக்கிவிட்டால் வட்டமாக ஓடும். இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பிறகு ஜப்பானில் செய்தது என்றார். “இதில ஒருத்தரும் கை வைக்கேல்லை பிள்ளை. பெயின்ற் அந்த நாளையது. நான் பொறுப்பு,” என்றார். கடைசி இரண்டு சொல்லையும் அவராகத்தான் சொன்னார். நான் கேட்டு வாங்கவில்லை.

அதை நான் எனக்கென்று வாங்கவில்லை. கொட்டாஞ்சேனையில் ஒருவர் இருந்தார். கப்பல் கம்பனி ஒன்றில் வேலை செய்து ஓய்வுபெற்றவர். புறக்கோட்டையில் பழைய சாமான் பரப்பி விற்கிற இடத்தில் ஒரே பெட்டிக்குள் இருவரும் கையை விட்டதில் எங்களுக்குப் பழக்கம். அவரிடம் ஒரு தகரக் கப்பல் இருந்தது. நீலமும் வெள்ளையும். நடுவில் மஞ்சள் புகைபோக்கி. என் தம்பியிடம் சின்ன வயதில் அச்சொட்டாக அதே கப்பல் இருந்தது. கிணற்றடியில் சீமெந்துத் தொட்டியில் அதை ஓடவிட்டு, அது மறுகரையில் முட்டும்வரை மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பான். அந்தக் கப்பலைத் தரச் சொல்லி எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். கொட்டாஞ்சேனைக்காரர் விற்கமாட்டார், மாற்றத்தான் செய்வார். அதுவும் ஓட்டுநர் உள்ள வண்டிக்குத்தான் மாற்றுவார். மோட்டார் சைக்கிளைக் கண்டதும் அவர் கண் விரிந்தது. இது வெள்ளவத்தை மாஸ்டரிடம் வாங்கியது, பழசு என்று அவரே பொறுப்பு எடுத்தவர் என்று சொன்னேன். அவர் மாஸ்டரைக் கண்டதில்லை. நான் சொன்னால் போதும் என்றார்.

கப்பல் எங்கள் வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டிக்குப் பக்கத்தில் சில வாரம் நின்றது. கனடாவிலிருக்கும் தம்பியிடம் தொலைபேசியில் சொன்னேன். புகைபோக்கி மஞ்சளா என்று மட்டும் கேட்டான்.

அதற்குப் பிறகுதான் கொட்டாஞ்சேனையிலிருந்து அழைப்பு வந்தது. வந்து ஒருதரம் பார்த்துவிட்டுப் போக முடியுமா என்றார். அடுத்த பௌர்ணமிப் போயா விடுமுறைக்குப் போனேன். மேசையில் பத்திரிகையை விரித்து, மோட்டார் சைக்கிளைக் கழற்றி வைத்திருந்தார். சாவி இறுகிப்போனதால் திறந்து பார்த்தாராம். உள்ளே ஒரு பற்சக்கரம் வெள்ளைப் பிளாஸ்டிக்கில் இருந்தது. அந்தக் காலத்துச் சாமானில் அப்படி இருக்காது. ஆனால் யாராவது இடையில் திருத்தியிருக்கலாம் என்று நினைத்து, பூதக்கண்ணாடியால் மேலே உள்ள வண்ணத்தைப் பார்த்திருக்கிறார். என்னிடமும் கண்ணாடியைத் தந்தார். பக்கத்தில் அவருடைய இன்னொரு பழைய வண்டியையும் வைத்தார். பழையதில் சிவப்பு என்றால் முழுச் சிவப்பு, பூசினமாதிரி. நான் கொடுத்ததில் சிவப்பெல்லாம் பொட்டுப் பொட்டாக இருந்தது, பத்திரிகைப் படத்தைக் கிட்டப் பிடித்துப் பார்த்தால் தெரிவதுபோல. அண்மையில் அச்சடித்து, பழசுபோலத் தேய்த்துவிட்ட சாமான்.

“மிஸ், கோவிச்சுக்காதீங்க. உங்கள நான் ஒண்ணும் சொல்லல. ஆனா இத பழசுன்னு சொல்லி நான் யாருக்கும் காட்ட முடியாது,” என்றார்.

கோபிக்க என்ன இருக்கிறது? அடுத்த ஞாயிறு கப்பலைக் கொண்டுவந்து தருகிறேன் என்றேன். அவசரமில்லை என்றார். அவருக்கு அவசரமில்லை, எனக்குத்தான் இருந்தது.

முதலில் மாஸ்டரிடம் போய்க் கேளும், பிறகு கப்பலைக் கொடுக்கலாம்தானே என்று என் கணவர் சொன்னார். அது நியாயமாகத்தான் பட்டது. ஆனால் எனக்கு மருந்துக்கடைப் பழக்கம். ஒருமுறை எங்கள் கடையில் வேலை செய்த பெண் ஒரு முதியவருக்குக் கூடிய வலுவுள்ள குளிசையை மாற்றிக் கொடுத்துவிட்டாள். இரண்டு பெட்டியும் பார்க்க ஒன்றுபோல இருக்கும். சீட்டில் கிருலப்பனை என்பதைத் தவிர வேறு விலாசம் இல்லை. முதலாளி எங்கள் இரண்டு பேரையும் அனுப்பினார். ஒழுங்கை ஒழுங்கையாகக் கேட்டுத் திரிந்து, அவர் அதை விழுங்கமுதல் கண்டுபிடித்துவிட்டோம். அந்தப் பெண் தெரிந்து செய்தாளா தெரியாமல் செய்தாளா என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. பிழையான சாமான் ஒருவர் கையில் இருக்கிறது, போய் எடுக்கவேண்டும், அவ்வளவுதான். விளையாட்டுச் சாமானால் யாரும் சாகப்போவதில்லை என்று கணவர் சொன்னார். சரி. ஆனாலும் கப்பலைக் கொண்டுபோய்க் கொடுத்து, அவர் சாவியைச் சரிசெய்து மறுபடி பொருத்தித் தந்த மோட்டார் சைக்கிளை வாங்கிக்கொண்டேன்.

திரும்பி வரும்போது சோதனைச் சாவடியில் பஸ்ஸை மறித்து எல்லோரையும் இறக்கினார்கள். யுத்தம் நடந்த அந்த நாட்களில் அது வழக்கம். என் அடையாள அட்டையைப் பார்த்த சிப்பாய் கையிலிருந்த பொதியைப் பிரிக்கச் சொன்னார். தகரம், சாவி, உள்ளே சுருள்வில். குண்டு என்று நினைத்துவிடுவாரோ என்று பயந்தேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, “மேக்க துவனவத?” என்றார். ஓடும் என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன். சாவியை முறுக்கி மணல்மூட்டைக்குப் பக்கத்திலிருந்த மேசையில் விட்டார். அது வட்டமடித்தது. மற்றச் சிப்பாயையும் கூப்பிட்டுக் காட்டிச் சிரித்தார். பஸ் முழுக்க எனக்காகக் காத்துநின்றது. அவருக்கு அது நல்ல சாமான்தான். அந்த இடத்தில் நின்று எனக்கு வந்த எரிச்சல் இப்போதும் நினைவிருக்கிறது.

மாஸ்டரிடம் போனபோது நான் கோபத்தோடு போகவில்லை. அவர் உடனே கையிலெடுத்து, ஐயோ பிழைச்சுப் போச்சே பிள்ளை என்பார் என்றுதான் எதிர்பார்த்தேன். பிளாஸ்டிக் சக்கரத்தைப் பற்றிச் சொன்னேன். ஆராவது திருத்தியிருப்பினம் என்றார். பூதக்கண்ணாடியைக் கொடுத்து வண்ணத்தைப் பார்க்கச் சொன்னேன். கனநேரம் பார்த்தார். “எனக்கு ஒரு பொட்டும் தெரியேல்லை,” என்றார்.

நான் திகைத்துப்போனேன். எனக்குப் பளிச்சென்று தெரிகிறது. இன்னொருதரம் பாருங்கோ என்றேன். அவர் கண்ணாடியை மேசையில் வைத்துவிட்டார்.

“நான் தெரிஞ்சு ஒண்டும் செய்யேல்லை பிள்ளை.”

“தெரியும் மாஸ்டர். நீங்கள் தெரிஞ்சு செய்தனீங்கள் எண்டு நான் சொல்லேல்லையே.”

“பிறகென்ன?”

அந்தப் ‘பிறகென்ன’வில்தான் நான் மாதக்கணக்காக முட்டிக்கொண்டு நின்றேன். அவருக்கு விஷயம் அங்கே முடிந்துவிட்டது. தான் பொய் சொல்லவில்லை என்பதை நான் ஏற்றுக்கொண்டால் போதும், கணக்குச் சரி. எனக்கோ விஷயம் அங்கேதான் தொடங்குகிறது. தெரியாமல் செய்ததுதான், ஒப்புக்கொள்கிறேன், ஆனால் சாமான் பிழைதானே? பொறுப்பு என்று சொன்னவர் யார்? பொய்யனிடம் யார் பொறுப்பை எதிர்பார்ப்பது, நேர்மையான மனிதன் சொன்னால்தானே அந்தச் சொல்லுக்கு ஒரு பெறுமதி? இதையெல்லாம் அவரிடம் ஒழுங்காகச் சொல்ல எனக்கு வரவில்லை. வாயைத் திறந்தாலே அவர் முகம் வாடிவிடும். முகம் வாடினால் நான்தான் அவரை நோகடித்தவள்போல ஆகிவிடும்.

கதை ஒழுங்கையில் பரவியது. நான் பரப்பவில்லை. அவர்தான் மனவருத்தத்தில் யாரிடமோ சொல்லியிருக்கவேண்டும். பலசரக்குக் கடைக்காரர் பருப்பு நிறுக்கும்போது, மாஸ்டர் அப்படி ஆளில்லையே என்றார். எதிர்வீட்டு அன்ரி, அவர் எத்தனை பிள்ளைகளுக்குச் சும்மா பாடம் சொல்லிக் கொடுத்தவர் தெரியுமா என்று கேட்டார். எனக்கும் சொல்லிக் கொடுத்தவர்தான் என்றேன். பிறகேன் பிள்ளை அவரோடு கொழுவுறாய் என்றார். அவர் நல்லவர் என்று எல்லோரும் எனக்கு நிரூபித்துக்கொண்டே இருந்தார்கள். நான் அதை மறுத்ததே இல்லை. அவர் கெட்டவராக இருந்திருந்தால் நான் ஒருதரம் சண்டை பிடித்துவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பேன்.

கொட்டாஞ்சேனைக்காரரை ஒருநாள் கடைக்கே கூட்டிவந்தேன். விபரம் தெரிந்தவர் நேரில் சொன்னால் மாஸ்டர் கேட்பார் என்று ஒரு நம்பிக்கை. மாஸ்டர் தேத்தண்ணி வரவழைத்தார். இருவரும் துறைமுகத்தில் அந்தக் காலத்தில் வந்திறங்கிய சாமான்களைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினார்கள். கொச்சிக்கடைப் பக்கத்துப் பண்டகசாலைகள், உடைந்த பெட்டிகள், ஏலம் என்று கதை நீண்டது. மோட்டார் சைக்கிள் நடுவில் தேத்தண்ணிக் கோப்பைகளுக்குப் பக்கத்தில் நின்றது. வெளியே வந்ததும், “நல்ல மனுஷன் மிஸ். அவர போய் எப்படிக் கேக்கிறது?” என்றார் கொட்டாஞ்சேனைக்காரர். அவரை பஸ் ஏற்றிவிட்டு வீட்டுக்கு வந்து அன்றைக்கு நான் சமைக்கவில்லை.

“நீர் ஏன் இதைத் தூக்கிக்கொண்டு திரியிறீர்?” என்று கணவர் கேட்டார். விட்டுவிடு என்பதை அவர் அப்படித்தான் சொல்லுவார். சில வாரத்தில் கடையில் ஒரு புதுப் பலகை தொங்கியது. விற்ற சாமான் திருப்பி எடுக்கப்படமாட்டாது. அழகான எழுத்து, நல்ல பிரேம். அதைக் கண்ட பிறகு நான் அந்த ஒழுங்கையால் போவதை நிறுத்திவிட்டேன்.

மாஸ்டரின் மனைவி என்னைச் சந்தையில் பிடித்தார். நான் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து நின்று, சுற்றிப் பார்த்துவிட்டு, தணிந்த குரலில் பேசினார்.

“அவருக்குக் கண் தெரியுதில்லை பிள்ளை. சீனி வருத்தம் கண்ணைப் பிடிச்சிட்டுது. பிரேம் வெட்டுறதும் இப்ப நான்தான். ஒருத்தருக்கும் சொல்லவேண்டாம் எண்டவர். நீயும் சொல்லிப்போடாதை.”

சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். எவ்வளவு காலமாக என்று கேட்டேன். இரண்டு வருடமாவது இருக்கும் என்றார். எனக்கு முதலில் வந்தது இரக்கம். பொட்டுத் தெரியவில்லை என்று அவர் சொன்னது பிடிவாதம் இல்லை, உண்மையையே சொல்லியிருக்கிறார். கத்தரிக்காயை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். பாதி வழியில் இரக்கத்துக்குப் பின்னால் கோபம் வந்தது. எனக்கு விற்றபோதும் அவருக்குக் கண் தெரிந்திருக்காது. தெரியாத கண்ணால் பார்த்து, இதில் ஒருத்தரும் கை வைக்கவில்லை, நான் பொறுப்பு என்று சொல்லியிருக்கிறார். சாமான் போலி என்பது அவருக்குத் தெரியாதுதான். தன்னால் பார்க்க முடியாது என்பது தெரியும். அப்படியென்றால் அதைத் தெரியாமல் செய்த பிழை என்று சொல்வதா?

அடுத்த நாள் காலையிலேயே கடைக்குப் போனேன். மனைவி சொன்னதை நான் சொல்லவில்லை. அலுமாரியிலுள்ள சாமான்களை ஒருதரம் நான் பார்த்துத் தரட்டுமா என்று மட்டும் கேட்டேன். அவர் என் குரல் வந்த பக்கம் திரும்பினார். யார் சொன்னது என்று கேட்கவில்லை. அலுமாரிப் பூட்டின் திறப்பை எடுத்து மேசையில் வைத்தார்.

ஒவ்வொன்றாக எடுத்துக் கதவடி வெளிச்சத்தில் பார்த்தேன். பெரும்பாலானவை நல்லவை. ஒரு காரிலும் ஒரு குரங்கிலும் அதே பொட்டுகள். எடுத்து அவர் முன்னால் வைத்தேன். அவர் குரங்கைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு மேசைக்குக் கீழே வைத்தார். காரையும் வைத்தார். என் மோட்டார் சைக்கிளைக் கேட்டார். கொடுத்தேன். அதையும் அங்கேயே வைத்துவிட்டு, அலுமாரியில் விருப்பமான எதையும் எடுத்துக்கொள் என்றார். பிழைச்சுப் போச்சு என்று மட்டும் சொல்லவில்லை.

“இதுக்கு முதல் வித்ததுகள் என்ன மாதிரி மாஸ்டர்?” என்று கேட்டேன். “இந்த ரெண்டு வருசத்துக்குள்ள ஆர் ஆர் வாங்கினவை எண்டு உங்களுக்கு ஞாபகம் இருக்குந்தானே?”

“எல்லாரும் ஞாபகம் இருக்கு,” என்றார். “அவை அதைச் சந்தோசமா வச்சிருக்கினம். நான் போய் அதை ஏன் கெடுக்கவேணும்? ஒருத்தன் கொண்டுவந்தா மற்றவனும் கொண்டுவருவான். நல்ல சாமான் வாங்கினவனும் சந்தேகத்தில கொண்டுவருவான். என்னால அதைப் பார்த்து, இது சரி, இது பிழை எண்டு சொல்ல ஏலாது பிள்ளை.”

நான் பார்த்துச் சொல்லுகிறேன் என்றேன். அவர் தலையை ஆட்டி மறுத்தார். கொஞ்சம் சத்தமாகவே கதைத்துவிட்டேன். பிழையான சாமானை விற்றதைவிட, தெரிந்த பிறகும் பேசாமல் இருக்கிறதுதான் எனக்குப் பொறுக்கவில்லை என்றேன். உள்ளேயிருந்து மனைவி மரச்சட்டம் அறுக்கிற சத்தம் மட்டும் கேட்டது. எடுக்க எதுவும் பிடிக்காமல் வெறுங்கையோடு வெளியே வந்தேன்.

பலநாள் கழித்து, வேறு ஏதாவது ஓட்டுநர் வண்டி கிடைத்தால் கப்பலை மாற்றலாமா என்று கொட்டாஞ்சேனைக்கு அழைத்துக் கேட்டேன். காலியிலிருந்து வந்த ஒருவருக்கு அதைக் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். எனக்கு அதில் ஆசை விட்டுப்போயிற்று என்று நினைத்தாராம். தம்பிக்கு நான் அதைப் பற்றிச் சொல்லவில்லை. அவனும் பிறகு கேட்கவில்லை.

மாஸ்டர் அடுத்த வருடம் மகனோடு ஒஸ்ரேலியா போய்விட்டார். கண்ணுக்கு அங்கே வைத்தியம் செய்தார்களாம். கொஞ்சம் தெளிவு என்று கேள்விப்பட்டேன். கடை இருந்த இடத்தில் கைபேசிக் கடை வந்தது.

சில வருடம் கழிந்திருக்கும். எங்கள் மருந்துக்கடைக்கு வழக்கமாக வருகிற ஓர் அம்மாவுக்கு நடக்க முடியாமல் போனதால், ஹெவ்லொக் டவுனிலுள்ள அவர் வீட்டுக்கே மருந்து கொண்டுபோனேன். மண்டபத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டி. அதற்குள் தகர விமானம் ஒன்று தனியாக நின்றது. காலமான கணவர் ஆசையாக வாங்கியதாம். நான் அதையே பார்ப்பதைக் கண்டு, பழைய சாமான், நல்ல பெறுமதியாமே, உங்களுக்கு இது விளங்குமா என்று கேட்டார். எங்கே வாங்கியது என்று கேட்டேன். வெள்ளவத்தை மாஸ்டரிடம் என்றார்.

பேசாமல் வந்திருக்கலாம். பெட்டியைத் திறக்கச் சொல்லி, சன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தேன். மருந்துப் பெட்டியின் சின்ன எழுத்து வாசிக்க வைத்திருந்த பூதக்கண்ணாடி கைப்பையில் இருந்தது. பொட்டுகள் தெரிந்தன. எப்படிச் சொன்னால் நோகாது என்று யோசித்தேன். அப்படி ஒரு விதம் இல்லை. இது பழசு இல்லை அம்மா, அதைப் போலப் பிறகு செய்தது என்று சொன்னேன். மாஸ்டருக்கும் அது தெரிந்திருக்காது என்றும் சேர்த்துச் சொன்னேன். அவரது கண் விஷயத்தைச் சொல்லவில்லை. அது அவர் மனைவிக்கு நான் கொடுத்த வாக்கு.

அந்த அம்மா கோபிக்கவில்லை. என் கையிலிருந்து விமானத்தை வாங்கி, சேலைத் தலைப்பால் துடைத்து, பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார்.

“மாஸ்டர் அப்படி விக்கமாட்டார் பிள்ளை,” என்றார். “உங்களுக்குத்தான் விளங்கேல்லைப் போல.”

குளிசைகளை எப்போது போடவேண்டும் என்று சொல்லிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். வெயில் கொளுத்தியது. பஸ் தரிப்பிடம்வரை அந்த அம்மாவோடு மனதுக்குள் வாதாடிக்கொண்டே நடந்தேன். மாஸ்டரோடும்தான்.